தறிச் சத்தமும் டிராக்கரும்: என் முதல் மின்னிசை முயற்சிகள்

பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓடாத தெரு குறைவு. காவிரிக்கு அந்தக் கரையில் ஈரோடு, இந்தக் கரையில் நாங்கள். ஷிப்ட் மாறி மாறி ராப்பகலாகத் தறி ஓடும். வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு முதல் நாள் ராத்திரி தூக்கம் வராது. எங்களுக்கோ கரண்ட் போய்த் தறி நின்றால்தான் தூக்கம் கலையும். நான் இசையை முறையாகப் படித்தவன் இல்லை. பஜனை மடத்தில் கற்றுக்கொண்ட கொஞ்சம் ஆர்மோனியமும் ஒரு சின்ன கேசியோ கீபோர்டும்தான் கைமுதல். 2005 வாக்கில் வீட்டுக்கு ஒரு பழைய பென்டியம் 4 கம்ப்யூட்டர் வந்தது. அதில் நான் செய்துபார்த்த முதல் சில மின்னிசைத் துண்டுகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிற பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் நான் அப்போது முட்டி மோதிய இடங்களாகவே இருக்கின்றன.

எல்லோரும் முதலில் கேட்பது, எந்த மென்பொருள் நல்லது என்பதை. எனக்குக் கிடைத்தது மாட்பிளக் டிராக்கர். இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் திணறாமல் ஓடும். டிராக்கர் என்கிற வகையே 1987-ல் அமிகா கம்ப்யூட்டருக்காக கார்ஸ்டன் ஒபார்ஸ்கி எழுதிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கரில் தொடங்கியது. அந்தக் கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் நான்கு ஒலிகள்தான் கேட்கும். நான்கு தடங்களுக்குள் தாளம், பாஸ் என்கிற தாழ்ந்த அடி ஒலி, மெட்டு எல்லாவற்றையும் அடக்க வேண்டிய நெருக்கடியில் பிறந்த முறை அது. திரையைப் பார்த்தால் கடைக் கணக்குப் பேரேடு மாதிரி இருக்கும். வரி வரியாக மேலிருந்து கீழே ஓடும். ஒவ்வொரு வரியிலும் எந்தச் சுரம், எந்த ஒலி, எவ்வளவு சத்தம் என்று எழுத்தும் எண்ணுமாக நிரப்ப வேண்டும். ஒரு தரம் பழகிவிட்டால் கை தானாக ஓடும். ஓப்பன்எம்பிடி என்ற பெயரில் மாட்பிளக் டிராக்கர் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது.

எந்த மென்பொருளிலும் இசை செய்யலாம். ஆனால் முதல் சில துண்டுகளுக்கு நான்கே தடம் என்று நீங்களாகவே வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது தடம் இருந்தால் ஒரு ஒலி சரியில்லை என்று தோன்றும்போது அதன்மேல் இன்னொன்றைப் போட்டு மூடத் தோன்றும். நான்குதான் என்றால் அந்த ஒலியையே சரிசெய்தாக வேண்டும். வேலையைக் கற்றுக்கொள்வது அந்த இடத்தில்தான்.

சரி, முதல் துண்டுக்கு வருகிறேன். தறிச் சத்தத்தை வைத்தே ஒரு தாளம் செய்ய ஆசைப்பட்டேன். நாடா என்பது ஊடை எனும் குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு தறியின் இரு பக்கமும் மாறி மாறிப் பாயும் கட்டை. நாடா ஓடும் பழைய விசைத்தறி நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 முதல் 150 முறை ஊடை போடும். உலகம் முழுக்க நடன இசை நிற்கும் வேகமும் கிட்டத்தட்ட அங்கேதான். அதனால் தறிக்கூடத்தின் வாசலில் நின்று கேட்டாலே கால் தானாகத் தட்டும். உற்றுக் கேட்டால் அந்த ஒரு 'டடக்'குக்குள் பல சத்தங்கள் இருக்கின்றன. கட்டை நாடாவை அடித்துத் தள்ளும் சத்தம் ஒன்று. நாடா பாவு எனும் நெடுக்கு நூல்களுக்குள் பாய்ந்து எதிர்ப் பக்கப் பெட்டியில் போய் மோதும் சத்தம் இன்னொன்று. அப்புறம் ஊடை நூலை அச்சு என்கிற சீப்பு போன்ற பாகம் நெருக்கி அடிக்கும் கனமான சத்தம். இத்தனையும் அரை நொடிக்குள் நடந்து முடியும்.

பக்கத்துத் தறிக்கூடத்தில் கேசட் டேப்ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்தேன். கேட்டுப் பார்த்தால் எல்லாம் நசுங்கிக் கிடந்தது. அந்த வகை டேப்ரிக்கார்டர்களில் சத்தத்தின் அளவைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பு உள்ளேயே இருக்கும். பெரிய அடி விழுந்ததும் எல்லாவற்றையும் கீழே அமுக்கும். அடி ஓய்ந்ததும் மெல்ல மேலே தூக்கும். அப்படித் தூக்கும்போது 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் கூடவே ஏறும். இன்றைய போன்களில் குரல் பதிவுக்கென்று இருக்கும் செயலிகள் பலவும் இதையேதான் செய்கின்றன. வெளிச் சத்தங்களைப் பதிவு செய்யப் போகிறீர்கள் என்றால், தானியங்கி அளவு மாற்றத்தை நிறுத்திவைக்க வழியுள்ள செயலியைப் பிடியுங்கள். அது இல்லையென்றால் தள்ளி நில்லுங்கள். நான் சுவருக்கு வெளியே ஜன்னலோரம் போய் நின்றேன். பெரிய அடி சாந்தமாகி, நாடா மோதும் மெல்லிய சத்தம் தனியாகக் கேட்டது.

பதிவை ஒரு ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் இறக்கி, ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டும் மென்பொருளில் திறந்து, ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியாக வெட்டினேன். வெட்டுவதில் கவனிக்க இரண்டு உண்டு. ஒன்று, அலை நடுக்கோட்டைத் தொடும் இடத்தில்தான் வெட்ட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் 'டிக்' என்று ஒரு சொடுக்கு கூடவே வரும். ஆடாசிட்டியில் பகுதியைத் தேர்ந்துகொண்டு 'இசட்' பொத்தானை அழுத்தினால் அருகிலிருக்கும் அந்தப் புள்ளிக்கு அதுவே நகர்ந்துகொள்ளும். இன்னொன்று, சத்தம் தொடங்குவதற்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றிடம். கண்ணுக்குத் தெரியாத அளவு, 15 மில்லிநொடி இருந்தால்கூடப் போதும், தாளம் முழுக்கச் சோம்பலாகக் கேட்கும். தாளம் இழுக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

வெட்டிய சத்தங்களை டிராக்கரில் ஏற்றினால், கீபோர்டில் அழுத்தும் சுரத்துக்கு ஏற்றபடி அவை ஏறி இறங்கும். அச்சு அடிக்கும் சத்தத்தை இரண்டு ஸ்தாயி இறக்கிப் பார்த்தேன். பெரிய முரசை யாரோ குடோனுக்குள் வைத்து அடிப்பது போல் கேட்டது. நாடா மோதும் சத்தத்தை ஒரு ஸ்தாயி ஏற்றினேன், சின்னத் தாளக்கட்டை கிடைத்தது. இந்த முறையை நான் கண்டுபிடித்ததாக அப்போது உள்ளுக்குள் ஒரு பூரிப்பு. பின்னாளில்தான் படித்தேன், 1948-லேயே பிரெஞ்சு வானொலியில் வேலை பார்த்த பியர் ஷேஃபர் ரயில் சத்தங்களைப் பதிவு செய்து, வெட்டி, வேகம் மாற்றி இசையாக்கியிருக்கிறார். அதைப் படித்ததில் எனக்குத் தெம்புதான் வந்தது.

தாளம் ஒருவழியாக முடிந்ததும், எங்கள் தெருவில் பல வருஷமாகத் தறி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவரிடம் போட்டுக் காட்டினேன். அவர் கூடத்தின் மறு கோடியில் நின்றுகொண்டே சத்தத்தை வைத்து, "மூணாவது தறியில நாடா தட்டுது பாரு" என்று சொல்லக்கூடியவர். கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா ரெண்டு பக்கமும் ஒரே அடி அடிக்குதே, எந்தத் தறி அப்படி ஓடும்? வலது கை ஒண்ணு, இடது கை ஒண்ணுதான்."

மின்னிசையைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் என்று இதைத்தான் சொல்வேன். நான் ஒரே துண்டை எல்லா இடத்திலும் ஒட்டியிருந்தேன். திரும்பவும் பதிவுக்குப் போய், இடமிருந்து வலம் போகும் அடியையும் வலமிருந்து இடம் வரும் அடியையும் தனித்தனியாக எடுத்தேன். டிராக்கரில் சத்தத்தின் உச்சம் 64. ஒரு பக்கத்துக்கு 64 வைத்தால் மறுபக்கத்துக்கு 52 வைத்தேன். நேரத்தையும் கொஞ்சம் நகர்த்தினேன். வழக்கமான அமைப்பில், அதாவது வேகம் 6, டெம்போ 125 என்று இருக்கும்போது, ஒரு வரி 120 மில்லிநொடி. அதற்குள் ஆறு நுண்துண்டுகள், ஒவ்வொன்றும் 20 மில்லிநொடி. ஒரு அடியை ஒரே ஒரு நுண்துண்டு தாமதமாக விழும்படி கட்டளை எழுதலாம். இடது பக்க அடியை மட்டும் அப்படி 20 மில்லிநொடி தள்ளிவைத்ததும் தறி உயிரோடு ஓடத் தொடங்கியது. அண்ணன் மறுபடி கேட்டார், தலையை ஆட்டினார். அவ்வளவுதான் சொன்னார்.

இதைத் தற்போக்கில் கலைத்துப்போடுவதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பல மென்பொருள்களில் இப்போது 'மனித உணர்வு' சேர்ப்பதாக ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் அடிகள் கண்டபடி முன்னும் பின்னும் நகரும். நிஜத்தில் தறியாகட்டும், தவில்காரர் கையாகட்டும், கண்டபடி விலகாது. எந்த இடத்தில் எவ்வளவு விலகும் என்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. அது திரும்பத் திரும்ப அதே மாதிரி வரும். அந்த ஒழுங்கைக் காதால் பிடித்து, கையால் எழுத வேண்டும்.

அதே பதிவிலிருந்து இன்னொரு துண்டும் பிறந்தது. கூடத்தில் எந்த இரண்டு தறியும் அச்சு அசலாக ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஒன்று நிமிடத்துக்கு 128, அடுத்தது 130 என்று வைத்துக்கொண்டால், இரண்டும் 30 நொடிக்கு ஒரு முறை ஒன்றுகூடும். பிறகு மெல்லப் பிரியும். பிரியும் வழியில் ஒற்றை அடி இரட்டை அடியாகி, ஒரு கட்டத்தில் எதிரெதிராக நின்று, மறுபடி நெருங்கி வரும். இரண்டு சுழற்சிகளை இந்த வேகங்களில் ஓடவிட்டு, மேலே எதையும் போடாமல் மூன்று நிமிடம் விட்டேன். நான் செய்தவற்றில் இன்றும் எனக்குப் பிடித்தது அதுதான். மெட்டு எங்கே என்று கேட்டவர்கள் உண்டு. பொறுமையாகக் கேட்டவர்கள், இல்லாத அடிகள் எல்லாம் கேட்கின்றன என்றார்கள்.

தாளக்கட்டைப் பற்றி ஒரு குறிப்பு. பெரும்பாலான மென்பொருள்கள் ஒரு தாளச் சுற்றுக்கு 16 கட்டங்களோடு திறக்கும். ஆதி தாளத்துக்கும் சினிமாப் பாட்டு நடைக்கும் அது சரியாகப் பொருந்தும். ஆனால் நம் காதில் ஊறிய மற்ற நடைகளையும் அதிலேயே செய்யலாம், கட்டங்களின் எண்ணிக்கையை மாற்றினால் போதும். ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவுக்கு, 'தகிட தகதிமி'க்கு, 14 கட்டம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஏழு, பதினொன்று ஆகிய கட்டங்களில் கனமான அடி. மிச்சத்தை மெல்லிய ஒலிகளால் நிரப்புங்கள். ஐந்து எண்ணிக்கையுள்ள கண்ட சாபுவுக்கு 10 கட்டம். ஒன்றிலும் ஐந்திலும் அடி. இவ்வளவு எளிதான மாற்றத்தைப் பலரும் செய்து பார்ப்பதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தாளம் கைக்கு வந்ததும் ராகத்தில் இறங்கினேன். அங்கேதான் நிறைய நாள் நின்றேன். மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சின்தசைசரில் மோகன ராகத்தின் ஐந்து சுரங்களை வரிசையாக வாசித்தால், சுரங்கள் சரி, மோகனம் வரவில்லை. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழி அதில் இல்லை. கீபோர்டு படிக்கட்டாக ஏறுகிறது. நாகஸ்வரம் அப்படி ஏறுவதில்லை. வைப்ரேட்டோ என்ற வசதியைப் போட்டு அசைத்துப் பார்த்தேன். அது சுரத்தின் இரு பக்கமும் சம அளவில், சம வேகத்தில் நடுங்கிக்கொண்டே இருந்தது. நம் இசையில் சுரத்தை அசைக்கும் கமகம் என்பது அந்த நடுக்கம் இல்லை.

வழி கிடைத்தது மெதுவாகக் கேட்டதில். நாகஸ்வரக் கச்சேரி கேசட் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் பாதியாக்கிக் கேட்டேன். அசைவின் வடிவம் அப்போது துலங்கியது. சுரம் ஒரு இடத்தில் கொஞ்சம் தங்குகிறது, சட்டென்று மேலே போய்த் தொட்டுவிட்டு வருகிறது, மறுபடி தங்குகிறது. தங்கும் நேரமும் தொடும் நேரமும் சமம் இல்லை. இந்த வடிவத்தை மௌஸால் கோடு வரைந்து, ஒலிக்கும் சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்ட் வசதிக்குக் கொடுத்தேன். ஒவ்வொரு வளைவையும் கையால் வரைய வேண்டியிருந்ததால் அரை நிமிட ஆலாபனைக்கே வாரக்கணக்கில் ஆனது.

இதில் இறங்குகிறவர்களுக்குச் சில அமைப்புகளைச் சொல்லிவிடுகிறேன். சின்தசைசரை ஒரே நேரத்தில் ஒரு சுரம் மட்டும் ஒலிக்கும் நிலைக்கு மாற்றுங்கள். பிட்ச் பெண்டின் எல்லை வழக்கமாக இரண்டு அரைச்சுரமாக இருக்கும். அதை ஐந்தாக்கினால் ஷட்ஜத்திலிருந்து மத்தியமம் வரை ஒரே இழுப்பில் போகலாம். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் நேரத்தை 60 முதல் 120 மில்லிநொடிக்குள் வைத்துப் பாருங்கள். முதலில் மோகனம், ஹம்சத்வனி மாதிரி நேரான சுரங்கள் நிறைய உள்ள ராகங்களை எடுங்கள். தோடியின் காந்தாரத்துக்கு உடனே போனால் மனம் விட்டுப்போகும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தம்புராவையோ சுருதிப்பெட்டியையோ பதிவு செய்து அடியில் ஓடவிடுங்கள். சுருதி இல்லாமல் வரைந்த வளைவு எங்கே நிற்க வேண்டும் என்று காதுக்குத் தெரியாது.

நம் நாட்டில் இந்தத் தேடல் நேற்று தொடங்கியதும் அல்ல. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-லேயே மூக் சின்தசைசரோடு ஒரு மின்னிசைக் கூடம் இருந்தது. பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், 1982-ல் ரோலண்ட் நிறுவனத்தின் 808 டிரம் மெஷினையும் 303 பாஸ் கருவியையும் ஜூப்பிட்டர்-8 சின்தசைசரையும் வைத்து ராகங்களை வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டார். 303-ல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கும் வசதி உண்டு. பிற்காலத்தில் 'ஆசிட் ஹவுஸ்' என்று உலகம் அழைத்த நடன இசையின் சாயல் அதில் முன்னதாகவே கேட்கிறது. மின்னிசை வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்தது மாரியம்மன் பண்டிகைக் கலைநிகழ்ச்சிக்குச் சின்னப் பிள்ளைகளின் நடனத்துக்காகச் செய்த துண்டு. வீட்டில் ஹெட்போனில் கேட்கும்போது பாஸ் நெஞ்சில் இடித்தது. திடலில் மைக் செட்டில் போட்டபோது அடியில் ஒன்றுமே இல்லை. நடுவில் அகலமாக விரிந்திருந்த சின்தசைசர் ஒலியும் பாதி காணாமல் போயிருந்தது. மைக் செட் அண்ணன்தான் விளக்கினார். "தம்பி, இது குழா ஸ்பீக்கருங்க. பேச்சுக்கும் பாட்டுக்கும் ஊருக்கே கேக்கும், உங்க 'தும் தும்' எல்லாம் இதுல வராதுங்க. ரெண்டு ஒயரும் ஒண்ணாத்தான் போகுது, இடது வலதுன்னு தனியா இல்லீங்க."

அவர் சொன்ன இரண்டுமே அடிப்படையான விஷயங்கள். கூம்பு ஸ்பீக்கர் தாழ்ந்த ஒலிகளைக் கொடுக்காது. போன் ஸ்பீக்கரும் அப்படித்தான். 50 ஹெர்ட்ஸில் வெறும் பாஸ் வைத்தால் அங்கே மௌனம்தான். அதே பாஸைக் கொஞ்சம் கரகரப்பாக்கினால் 100, 150, 200 ஹெர்ட்ஸ் என்று அதன் மடங்குகள் சேரும். மடங்குகள் கேட்டால் போதும், அடியில் இருக்கும் 50-ஐக் காது தானே ஊகித்துக்கொள்ளும். அகலமாக விரிந்த ஒலி காணாமல் போனதற்குக் காரணம், இடதும் வலதும் ஒன்றாகச் சேரும்போது எதிரெதிரான அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடுவது. அதனால் எதைச் செய்தாலும் இடது வலதை ஒன்றாக்கி ஒரு முறை, போன் ஸ்பீக்கரில் ஒரு முறை கேட்பது என் வழக்கமாகிவிட்டது. உச்ச அளவில் 6 டெசிபல் இடம் விட்டு முடித்தால், மைக் செட்காரர் தன் பக்கம் ஏற்றிக்கொள்ளும்போது உடையாது.

அதற்கப்புறம் ஏறக்குறைய எல்லோரையும் போல நானும் பெரிய மென்பொருள்களுக்கு மாறினேன். விதவிதமான துணை மென்பொருள்களைச் சேர்த்துக்கொண்டு நிறைய செய்தேன். சில வருஷம் முன்பு பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துத் திறந்து பார்த்தபோது ஒரு வித்தியாசம் தெரிந்தது. டிராக்கரில் செய்த கோப்புகள் எல்லாம் அப்படியே திறந்தன. வெட்டிய ஒலிகள் கோப்புக்குள்ளேயே பொதிந்து இருப்பதால் வெளியிலிருந்து எதுவும் தேவைப்படவில்லை. தறியின் இடது அடி, வலது அடி, இறக்கிய முரசு, எல்லாம் தனித்தனியாகக் கைக்கு வந்தன. பின்னால் செய்தவற்றில் பல திறக்கவில்லை. திறந்தவற்றிலும் ஒலி இருந்த இடத்தில் துணை மென்பொருள் காணவில்லை என்ற அறிவிப்புதான் வந்தது. அவற்றை உருவாக்கியவர்கள் புதிய விண்டோஸுக்கு அவற்றைக் கொண்டுவராமலே விட்டுவிட்டார்கள்.

அந்த டிராக்கர் கோப்புகளின் மதிப்பு எனக்கு இப்போது இன்னும் கூடியிருக்கிறது. எங்கள் தெருவில் நாடாத் தறிகள் பலவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். நாடா இல்லாத புதுத் தறிகளின் ஓட்டம் வேறு, சத்தமும் வேறு. அந்த இரண்டு கை அடியை இனி அதே தெருவில் பதிவு செய்ய முடியாது.

அதனால் ஒரு துண்டை முடித்ததும் ஒவ்வொரு தடத்தையும் தொடக்கத்திலிருந்தே தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து வைத்துவிடுகிறேன். முதல் அடி எங்கே விழுந்தாலும் எல்லாக் கோப்பும் ஒரே புள்ளியில் தொடங்க வேண்டும். அப்போதுதான் எந்த மென்பொருளில் போட்டாலும் ஒன்றோடு ஒன்று பொருந்தும். வெட்டாத மூலப் பதிவும் அதே அடைவில் இருக்கும். கூடவே சாதாரண உரைக் கோப்பு ஒன்று. அதில் வேகம், சுருதி எத்தனை கட்டை, எந்தத் தாளம், எந்த ஒலியை எங்கே எப்போது பதிவு செய்தது என்று தமிழிலேயே எழுதி வைக்கிறேன். நாளைக்கு வேறு யாராவது அதை எடுத்துச் செய்ய நினைத்தாலும் அவர்களுக்குத் தேவையானது எல்லாம் அந்த ஒரே அடைவில் கிடைக்கும்.